உழவுப் போட்டியில் மதிப்பெண் எதற்கு?

அயர்லாந்தில் ஜே. ஜே. பெர்கின், டெனிஸ் ஆலன் என்று இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் கில்டேர் மாவட்டத்துக்காரர், மற்றவர் வெக்ஸ்போர்டு. யாருடைய மாவட்டத்து உழவர்கள் கெட்டிக்காரர்கள் என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. வயலிலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று 1931-இல் கில்டேரில் குதிரை பூட்டி ஒரு போட்டி நடத்தினார்கள். அதுதான் இன்று ஆண்டுதோறும் மூன்று நாள் நடக்கும் அயர்லாந்தின் தேசிய உழவுப் போட்டி. உலக அளவிலான போட்டி 1953-இல் கனடாவின் கோபர்க் ஊரில் தொடங்கியது. அதில் வென்றவர் கனடாவின் ஜிம் எக்கிள்ஸ்.

முதன்முறை பார்ப்பவருக்கு இந்தப் போட்டி புரியாது. டிராக்டர்கள் ஊர்ந்து போகின்றன. ஓட்டுபவர் நாலு முழம் போவதற்குள் இறங்கி, குனிந்து பார்த்து, ஒரு திருகை அரைச் சுற்று முடுக்கிவிட்டு மறுபடி ஏறுகிறார். யார் முந்துகிறார் என்று கேட்டால் பதில் இல்லை. வேகத்துக்கு இங்கே மதிப்பெண்ணே கிடையாது. கொடுத்த நேரத்துக்குள் முடித்தால் போதும்.

நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிப் பிளக்கும், புரட்டிப் போடாது. அங்கே போட்டிக்கு வருவது வளைபலகைக் கலப்பை. மண்ணை நீளப் பாளமாக அறுத்து, புல்லும் அரிதாளும் அடியில் போகும்படி ஒரே பக்கமாகக் கவிழ்க்கும். இது தெரிந்தால் மதிப்பெண் தாளில் உள்ள மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உலகப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள நிலம் கிடைக்கும். எந்தத் துண்டு யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகும். முதல் வேலை, நடுவே கோல் நட்டு, அதைக் குறிவைத்து முதல் உழவுச் சாலைத் திறப்பது. போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் மண் விலகி விழ வேண்டும். அடியில் ஒரு புல் வேர்கூட அறுபடாமல் இருக்கக் கூடாது. இதற்குச் சுமார் 20 நிமிடம். பிறகு எல்லோரும் நிறுத்திவிட, நடுவர்கள் வந்து இதற்கு மட்டும் மதிப்பெண் போடுகிறார்கள். இந்தச் சால் அடுத்த சுற்றுகளில் மூடப்பட்டுவிடும். அதனால் அப்போதே பார்த்தாக வேண்டும்.

அடுத்து, விலக்கிய மண்ணைத் திருப்பிச் சேர்த்து நடுவில் ஒரு முதுகு கட்டுவார்கள். அது பக்கத்து உழவைவிட உயர்ந்து நிற்கக் கூடாது, குழியவும் கூடாது. பிறகு இருபுறமும் வரிசையாக உழவு. இங்கே நடுவர் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் விவசாயக் காரணம் உண்டு. புல்லோ தாளோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மதிப்பெண் போகும், ஏனென்றால் அது களையாக மறுபடி முளைக்கும். நடுவர் உழவின் மேல் நடந்து மிதித்துப் பார்ப்பார். கால் புதைந்தால் அடியில் காற்றுப் பொந்து இருக்கிறது. அங்கே விழும் விதைக்கு ஈரம் எட்டாது. ஆழம் இத்தனை என்று முன்பே சொல்லிவிடுவார்கள். போட்டியின் நடுவே பல இடங்களில் அளப்பார்கள். ஆழம் மாறினால் பயிர் ஒரே சீராக எழாது. கலப்பை மண்ணில் இறங்கும் இடமும் எழும் இடமும் ஓரம் முழுக்க ஒரே கோட்டில் இருக்க வேண்டும். எல்லாமே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

என் பார்வையில் மிகக் கடினம் கடைசிச் சால்தான். இரண்டு பக்க உழவும் சந்திக்கும் இடம் அது. ஆழமாக விட்டால் வயலுக்கு நடுவே வாய்க்கால் போலாகித் தண்ணீர் தேங்கும், அறுவடை இயந்திரம் தடுமாறும். ஆகவே ஆழமில்லாமல், குறுகலாக, நேராக முடிக்க வேண்டும். முதலில் ஒரு விரற்கடை தவறியிருந்தாலும் அது இங்கே வந்து வெளிப்படும்.

நேர்மை பற்றிய விதிகளுக்கு அடிப்படை ஒன்றுதான்: மண்ணைத் தொடுவது கலப்பை மட்டுமாக இருக்க வேண்டும். கவிழாத பாளத்தைக் கையால் புரட்டுவதும், வெளியே தெரியும் புல்லைக் காலால் அமுக்குவதும் பல போட்டிகளில் தண்டனைக்குரியவை. கோல் நடும்போது மட்டும் உதவிக்கு ஆள் இருக்கலாம். அதற்குப் பிறகு வரப்பில் நிற்கும் அண்ணனோ அப்பாவோ சைகை காட்டுவதுகூடக் கூடாது. இதைக் கண்காணிக்கத் தனியே மேற்பார்வையாளர்கள் உண்டு. வேலை செய்பவரை அவர்கள் பார்க்கிறார்கள். நடுவர்கள் வேலையைப் பார்க்கிறார்கள். இந்தப் பிரிவினை மிகச் சரியானது என்று நினைக்கிறேன். உழுபவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்று பார்த்த கண், உழவை மட்டும் வைத்து மதிப்பிடுவது கடினம்.

பார்வையாளர்களுக்கு அதிகம் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. மண்ணை ஒரே பக்கம் தள்ளும் கலப்பைப் பிரிவில், ஒருவர் தன் முதுகிலிருந்து உழுதுகொண்டே போய்ப் பக்கத்துக்காரர் கட்டிய முதுகோடு சேர்த்து முடிக்கிறார். பக்கத்துக்காரரின் சால் வளைந்திருந்தால் அந்த வளைவு இவர் தலையிலும் விழும். நல்ல நடுவர் அதை யாருடைய பிழை என்று பிரித்துப் பார்ப்பார். பக்கத்துக்காரருக்குக் கோணலாக எதையும் விட்டுவைக்காமல் உழுவதைப் போட்டியாளர்கள் மரியாதையாகவே கருதுகிறார்கள்.

குலுக்கலில் கல்லும் மேடுமான துண்டு விழுந்தால்? அந்தக் குறை முழுவதும் தீராது. ஆனாலும் உலகப் போட்டியில் ஒரு நாள் அரிதாள் நிலம், மறுநாள் புல்தரை என்று இரண்டு துண்டுகள் உழுது மதிப்பெண்களைக் கூட்டுகிறார்கள். வென்றவருக்கு மரியாதை பெரிது. 1964-இல் ஆஸ்திரியாவில் அயர்லாந்துக்கு முதல் உலகப் பட்டம் வாங்கித் தந்த விக்லோ மாவட்டத்துச் சார்லி கீகன் ஊர் திரும்பியபோது பெரிய வரவேற்பு காத்திருந்தது. தோற்றவர்களுக்கும் ஒன்று கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம்: தலைப்பு வாரியாகப் போட்ட மதிப்பெண் தாள். எங்கே குறைந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு எந்தத் திருகை முடுக்குவது என்று அவர் யோசிக்க முடியும்.