திசு வளர்ப்பு வாழைக் கன்று: வேர்விடுதலும் பதப்படுத்துதலும்

வாழைச் சாகுபடியின் லாப நஷ்டம் பெரும்பாலும் நடும் கன்றைப் பொறுத்தது. பக்கக் கன்றைப் பெயர்த்து நடுவதே தொன்றுதொட்டு வந்த வழக்கம். ஆனால் அக்கன்றுடன் கூன்வண்டும், நூற்புழுவும், முடிக்கொத்து நோயும் தோட்டத்திற்குள் வந்துவிடுதல் உண்டு. சிறுமலையிலும் கீழ்ப்பழநி மலையிலும் புகழ்பெற்றிருந்த விருப்பாட்சி வாழையின் பெரும்பகுதி இம்முடிக்கொத்து நோயினாலேயே அழிந்தது. இதற்குப் பரிகாரமாகத் திசு வளர்ப்புக் கன்றுகள் இப்போது கிடைக்கின்றன. காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் அவற்றை வாங்க விரும்பும் குடியானவர்கள், அவை வேர்பிடிக்கும் விதத்தை அறிந்திருத்தல் நலம்.

நோயற்ற தாய்மரத்துக் கிழங்கின் குருத்துமுனையை வெட்டியெடுத்து, கிருமி நீக்கி, தாது உப்புகளும் சர்க்கரையும் கலந்த கூழில், கண்ணாடிச் சீசாவினுள் வளர்க்கிறார்கள். முராஷிகே, ஸ்கூக் என்னும் இருவர் 1962-ல் வகுத்த உப்புக் கலவையே இதற்கு இன்றும் பெரிதும் உபயோகமாகிறது. கூழில் சைட்டோகைனின் என்னும் ஊக்கி மிகுந்தால் தளிர்கள் பெருகும். ஆக்ஸின் என்னும் ஊக்கி மிகுந்தால் வேர்கள் உண்டாகும். ஸ்கூக்கும் மில்லரும் 1957-ல் புகையிலைத் திசுவில் இதனை விளக்கிக் காட்டினர். ஆகவே, தளிர்கள் பெருகியபின் அவற்றைத் தனித்தனியே பிரித்து, ஆக்ஸின் சேர்ந்த வேறு கூழுக்கு மாற்றுகிறார்கள். மூன்று நான்கு வாரங்களில் வெண்ணிற வேர்கள் காணும். வாழை இவ்விதம் எளிதில் வேர்விடும். மா முதலியவற்றின் தளிர்கள் அவ்வாறு விடுவதில்லை. அவற்றிற்கு ஒட்டுமுறையே ஏற்றது.

எனினும், சீசாவில் வேர் கண்டதனாலேயே கன்று வயலுக்குத் தகுதியாகிவிடாது. ஈரம் நிறைந்த சீசாவில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு குறைவு. அதன் துளைகள் சரிவர மூடுவதில்லை. கூழில் தோன்றிய வேர்களும் மண்ணில் நீர் உறிஞ்சும் திறன் குறைந்தவை. அத்தகைய கன்றை நேரே வெயிலில் வைத்தால் வாடி மடியும். எனவே முதலில் ஈரப்பதம் மிகுந்த கூடத்திலும், பின்னர் நிழல்வலையின் கீழ்ப் பைகளிலும், மொத்தம் ஏறக்குறைய இரண்டு மாதம் வைத்துப் பதப்படுத்த வேண்டும். ஐந்தாறு இலைகளும், ஓரடி உயரமும், பைமண் உதிராதபடி பின்னிய புதுவேரும் உள்ள கன்றே நடத்தக்கது.

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்றுகள் பிடிக்கும். விலை மலிவென்று பதப்படாத கன்றை வாங்குவோர் அத்தனைக்கும் நஷ்டப்பட நேரும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல் ஏற்படுத்திய தரச்சான்று முறையின்படி வைரஸ் சோதனை செய்யப்பட்ட கன்றுகளையே கேட்டு வாங்குக. குட்டையான, இலை திரிந்த, வரியோடிய கன்றுகளை ஒதுக்குக. கத்திரி வெயிலிலும், மழைநீர் தேங்கும் நிலத்திலும் நடவேண்டாம்.

திசு வளர்ப்புக் கன்று நோயற்றதேயன்றி நோயெதிர்ப்பு உடையதன்று. அருகில் நோயுற்ற பழைய வாழை நின்றால், அசுவினிப் பூச்சி முடிக்கொத்து நோயைப் புதுக்கன்றுக்கும் கொண்டுவரும். வாழையினூடே பூசணி, வெள்ளரி இனங்களைப் பயிரிடுவதும் தேமல் நோய்க்கு இடமளிக்கும். ஒருவர் தோட்டத்து நோய் ஊர் முழுவதற்கும் நஷ்டமாகையால், நோயுற்ற மரங்களைக் கிழங்கோடு அகற்றும்படி கிராம அதிகாரிகளும் குடிகளுக்கு எடுத்துரைத்தல் அவசியம். சந்தேகங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.