எச்-1பி அப்ரூவல் வந்துடுச்சா? ராஜினாமா லெட்டரை இன்னும் அனுப்பாதீங்க

போன வருஷம் ஒரு கிளையன்ட் என் ஆபீசுக்கு வந்தார். வயசு 29, ஐ.டி. வேலை. "சார், அமெரிக்க விசா அப்ரூவ் ஆயிடுச்சு, வேலையை விட்டுட்டேன். இனிமே டாக்ஸ் எப்படி?" என்று கேட்டார். கையில் இருந்த பேப்பரை வாங்கிப் பார்த்தேன். அது விசா இல்லை. அவரை வேலைக்கு எடுக்கப்போகிற கம்பெனி போட்ட மனுவுக்கு வந்த ஒப்புதல், அதாவது ஐ-797. நேர்காணலே இன்னும் நடக்கவில்லை. அது முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வர நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் சம்பளம் கிடையாது. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாமல் போனது.

அவர் படிக்காதவர் இல்லை. "விசா" என்ற ஒரே வார்த்தைக்குள்ள நாலு ஆபீஸ் இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இமிகிரேஷன் சட்டம் தொழிலா செய்யறவங்க ஒரு ஃபைலைப் பார்த்ததும், இது இப்போ யாருடைய மேஜையில் இருக்கு என்றுதான் கேட்பாங்க. நாமும் அதே கேள்வியைக் கேட்கப் பழகிட்டா பண விஷயத்தில் பாதித் தப்பு நடக்காது.

நாலு ஆபீஸ், நாலு முடிவு

1. தொழிலாளர் துறை. உங்களுக்கு அந்த ஊரில், அந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் தருவேன் என்று கம்பெனி உறுதி கொடுக்கும். இதுதான் எல்.சி.ஏ. வழக்கமாக 7 வேலை நாளில் முடிந்துவிடும்.

2. குடியேற்றத் துறை (யு.எஸ்.சி.ஐ.எஸ்.). மார்ச் மாதம் பதிவு நடக்கும். வருஷத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. தேர்வானால் கம்பெனி ஐ-129 மனு போடும். ஒப்புதல் கிடைத்தால் ஐ-797 வரும். கவனியுங்க, இது கம்பெனியின் மனு. கம்பெனி வாபஸ் வாங்கினால் நீங்க தடுக்க முடியாது.

3. தூதரகம். டி.எஸ்-160 படிவம், 205 டாலர் கட்டணம், கைரேகை, நேர்காணல். விசா கொடுப்பதா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகும். 221(ஜி) சீட்டு கொடுத்தால், சட்டப்படி அப்போதைக்கு அது மறுப்புதான். கேட்ட ஆவணத்தைக் கொடுத்து, சரிபார்ப்பு முடிந்த பிறகு விசா கிடைக்கலாம். ஆனால் இத்தனை நாளுக்குள் என்று கெடு எதுவும் கிடையாது.

4. விமான நிலையம். அங்கே இருக்கும் எல்லை அதிகாரிதான் உங்களை உள்ளே விடுவார். எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை ஐ-94 பதிவுதான் சொல்லும், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா இல்லை.

இரண்டாவது மேஜை சரி சொன்னதும் என் கிளையன்ட் வேலையை விட்டார். மாட்டிக்கொண்டது மூன்றாவது மேஜையில். அந்த மேஜை எப்போ வேணும்னாலும் தாமதமாகும். 2025 டிசம்பரில் எச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பார்க்கணும் என்று விதி வந்தது. உடனே இந்தியாவில் தேதி வாங்கியிருந்த பலருக்கு நேர்காணல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை.

யார் காசு கட்டணும்?

25 பேருக்கு மேல் வேலை செய்கிற ஒரு கம்பெனி புது எச்-1பி மனு போட்டால் ஆகும் அரசுக் கட்டணம் இது: மனுவுக்கு 780 டாலர், பயிற்சி நிதிக்கு 1,500, மோசடித் தடுப்புக்கு 500, அடைக்கலத் திட்டத்துக்கு 600. கூட்டினால் 3,380 டாலர். பதிவுக் கட்டணம் 215 தனி. இதில் 1,500 டாலர் பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடம் வாங்கவே கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். மனுவுக்கான வக்கீல் ஃபீசும் கம்பெனியின் தொழில் செலவுதான். அதை உங்க தலையில் கட்டி, எல்.சி.ஏ.-வில் உறுதி சொன்ன சம்பளத்துக்குக் கீழே இறக்கக் கூடாது.

இதுக்கு மேல, 2025 செப்டம்பர் 19-ல் அமெரிக்க அதிபர் ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டச் சொல்லும் ஆணை அது. ஆகவே யாராவது "அஞ்சு லட்சம் கொடுங்க, எச்-1பி முடிச்சுத் தரேன்" என்றால் ஒரே ஒரு கணக்குப் போடுங்க. உங்களுக்காக இவ்வளவு செலவு செய்யத் தயாராக இருக்கிற கம்பெனி, உங்ககிட்ட ஏன் அஞ்சு லட்சம் கேட்கப்போகுது?

ஒரு தேதி, இரண்டு வரி

இப்போ என் ஏரியா. புது எச்-1பி வேலை அக்டோபர் 1-ல்தான் தொடங்கும். ஆனால் மனு செல்லுபடியாகும் தேதிக்கு 10 நாள் முன்பே நாட்டுக்குள் அனுமதிப்பாங்க (அந்த 10 நாளில் வேலை செய்யக் கூடாது). நம்ம ஊர் வருமான வரிச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் ரெசிடென்ட்.

ஏப்ரல் 1-லிருந்து எண்ணிப் பாருங்க. செப்டம்பர் 28-ம் தேதியோடு 181 நாள். அன்றைக்குள் கிளம்பி, மார்ச் வரை திரும்பி வராமல் இருந்தால் நீங்க நான்-ரெசிடென்ட். அங்கே வேலை செய்து அங்கேயே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அக்டோபர் முதல் வாரம் கிளம்பினால் ரெசிடென்ட். மார்ச் வரை வாங்கும் அமெரிக்கச் சம்பளத்தையும் இந்திய ரிட்டர்னில் காட்டணும். அங்கே கட்டிய வரிக்கு கிரெடிட் உண்டு, ஆனாலும் மீதி கட்ட வேண்டி வரலாம். ஒரு வார வித்தியாசம்தான். டிக்கெட் போடும்போது ஆஃபரை மட்டும் பார்க்காதீங்க.

அதுக்காக விசா வராமலே செப்டம்பர் டிக்கெட்டை புக் பண்ணிடாதீங்க. முதலில் பாஸ்போர்ட், அப்புறம்தான் வரித் திட்டம்.

அப்போ எந்தச் செலவை எப்போ செய்யறது?

- ஐ-797 வந்ததும்: சந்தோஷப்படுங்க, ஆவணங்களைச் சேருங்க. வேற எதுவும் வேண்டாம்.
- விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும்: ராஜினாமா, டிக்கெட், வண்டி விற்பனை, வீட்டு அட்வான்ஸ் எல்லாம். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால், சேரும் தேதியைத் தள்ளித் தர முடியுமா என்று புதுக் கம்பெனியிடம் முன்கூட்டியே மெயிலில் கேளுங்க.
- வேலையை விடும் முன்: அப்பா அம்மா உங்க ஆபீஸ் குரூப் இன்ஷூரன்சில் இருந்தால், அவங்களுக்குத் தனி பாலிசி எடுத்துடுங்க. உங்க கடைசி நாளோடு அந்த கவர் போயிடும்.
- கிளம்பும்போது: சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.-வாக மாற்ற வங்கியிடம் சொல்லுங்க.
- முன்கூட்டியே விட்டே ஆகணும் என்றால்: ஆறு மாச வீட்டுச் செலவும் இ.எம்.ஐ.-யும் தனியாக ஒதுக்கி வைத்த பிறகு விடுங்க.

அந்த கிளையன்ட் இப்போ அங்கே நல்லா இருக்கார். ஆனால் அந்த நாலு மாசத்துக்கு வாங்கின பர்சனல் லோனை இன்னும் டாலரில் அடைச்சுட்டு இருக்கார். உங்க ஃபைல் இப்போ எந்த மேஜையில் இருக்கு? அதைத் தெரிஞ்சுக்கிட்டு அடுத்த ரூபாயை எடுங்க.