உங்களுக்குத் தெரியுமா? – ஆடம் ஸ்மித்தின் மூத்த புத்தகம்

● சுயநலத்துக்குக் கொடி பிடித்தவராகப் பெயர் வாங்கிவிட்ட ஆடம் ஸ்மித், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியர். அவருடைய பொருளாதார நூலான ‘நாடுகளின் செல்வம்’ வெளிவந்தது 1776இல். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1759இல், ‘அறவுணர்வுகளின் கோட்பாடு’ வந்துவிட்டது. அடுத்தவர் இன்பதுன்பத்தில் மனிதனுக்கு இயல்பாகவே அக்கறை உண்டு என்றுதான் அந்த நூல் தொடங்குகிறது.

● தன்னலம் தேடுவோரும் தம்மை அறியாமலே பொது நன்மைக்கு உதவுவதைக் குறிக்க ஸ்மித் சொன்ன ‘கண்ணுக்குத் தெரியாத கை’, இந்த இரண்டு நூல்கள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறைதான் வருகிறது!

● ஒரு நூலில் பரிவு, மறு நூலில் சுயநலம். இரண்டும் எப்படிப் பொருந்தும்? 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள் இதற்கு ‘ஆடம் ஸ்மித் சிக்கல்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் ஸ்மித் தம் முதல் நூலைக் கைவிடவே இல்லை. நற்குணம் பற்றி ஒரு பகுதியையே புதிதாக எழுதிச் சேர்த்த அதன் ஆறாம் பதிப்பு, அவர் இறந்த 1790ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

● நோபல் பெற்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஸ்மித்தை நேரெதிராக வாசித்தார்கள். ‘நாடுகளின் செல்வம்’ சுயநலம் என்ற கருங்கல்லின் மேல் எழுந்த மாளிகை என்றார் ஜார்ஜ் ஸ்டிக்ளர். அமர்த்தியா சென் 1987இல் வெளியான ‘அறவியலும் பொருளாதாரமும்’ நூலில் இதை மறுத்தார். ரொட்டிக்காரர் நமக்கு ரொட்டி தருவது நம்மீதுள்ள கருணையால் அல்ல, தம் வருமானத்துக்காக என்று ஸ்மித் எழுதியது உண்மை. ஆனால் அது கொடுக்கல் வாங்கல் ஏன் நடக்கிறது என்பதற்கான விளக்கம் மட்டுமே. அந்தக் கொடுக்கல் வாங்கல் நிலைக்க நம்பிக்கை வேண்டும், நாணயம் வேண்டும். ஸ்மித் அவற்றையும் பேசினார் என்கிறார் சென். எனக்குச் சென் சொல்வதே சரியெனப் படுகிறது. ஒரு பத்தியை மட்டும் பிய்த்தெடுத்து ஒரு சிந்தனையாளரின் மொத்தக் கருத்தாக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

● பொருளாதாரத்துக்கு இரண்டு வேர்கள் என்பதும் சென்னின் அதே நூலில்தான் இருக்கிறது. ஒன்று அறவியல், அதற்குச் சென் காட்டுவது அரிஸ்டாட்டிலை. மற்றொன்று, காரியத்தை எப்படி முடிப்பது என்று மட்டும் பார்க்கும் பொறியியல் நோக்கு. அதற்குக் காட்டுவது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை.

● சுயநலத்தைச் சோதிக்க ஒரு விளையாட்டு: முன்பின் அறியாத இருவர். 100 ரூபாயை எப்படிப் பங்கிடுவது என்று ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. சுயநலம் மட்டுமே மனிதனை ஆள்கிறது என்றால், 5 ரூபாய் தந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். 1982இல் ஜெர்மனியில் இத்தகைய ஆய்வு தொடங்கியது முதல், பலரும் அற்பப் பங்கை வேண்டாம் என்று தள்ளிவிடுவதே தெரியவருகிறது. சோதனைப் பொருளாதாரத்துக்காக 2002இல் நோபல் பெற்ற வெர்னன் ஸ்மித், பார்ட் வில்சனுடன் எழுதிய ‘ஹியூமனாமிக்ஸ்’ (2019) நூலில் இதற்கு 1759ஆம் ஆண்டுப் புத்தகத்தில் விடை தேடுகிறார். தீங்கு நினைப்பவர் மேல் சினம், நன்மை நினைப்பவரிடம் நன்றி என்று ஆடம் ஸ்மித் விரித்துரைத்த உணர்வுகள்தாம் அந்த விடை.

● கட்டற்ற சந்தையின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித், வட்டிக்குச் சட்டம் உச்சவரம்பு விதிப்பதை ஆதரித்தார். அன்றைய பிரிட்டனில் அது 5 சதவீதம். வரம்பில்லாவிட்டால் ஊதாரிகளும் சூதாட்டத் துணிச்சல்காரர்களுமே அதிக வட்டிக்குப் பணத்தை அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது அவர் கவலை. ஜெரமி பெந்தம் 1787இல் இதை மறுத்துத் தனி நூலே எழுதினார். ஸ்மித் தம் நூலில் அந்தப் பகுதியை மாற்றவில்லை.