அரண்மனைக்குள் வந்த வில்

1540இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, வியோல் என்ற வில் கருவியை வாசிக்கும் 6 கலைஞர்களை வெனிஸிலிருந்து தம் அரசவைக்கு வரவழைத்தார். அவர்களில் பலர் யூத வழியினர் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். யூதர்கள் அந்நாட்டில் வாழ 1290 முதல் தடை இருந்தது. இசைக்கு மட்டும் அரண்மனைக் கதவு திறந்தது.

தென்னிந்தியாவிலும் வெளியிலிருந்து வந்த ஒரு வில் கருவி அரசவை ஏறியது. கர்நாடக இசை மேதை முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்வானானார். தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் இளையவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அலங்கரித்தார். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

கருவி மாறவில்லை, வாசிக்கும் முறை மாறியது

• நின்று வாசித்த வயலின், சம்மணமிட்டவர் மடிக்கு வந்தது. ஒரு முனை மார்பிலும், சுருள்முனை வலது கணுக்காலிலும் ஊன்றியது.

• 4 தந்திகளும் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் எனச் சுருதி சேர்க்கப்பட்டன.

• முழங்கால்களுக்கிடையே பிடிக்கும் வியோலுக்கு வீணையைப் போல மெட்டுகள் உண்டு. வயலினுக்கு அவை இல்லை. விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் குழைய அதுவே வழி.

இங்கிலாந்தில் பல வியோல்கள் சேர்ந்து ஒலித்தன. இங்கே ஒற்றை வயலின், பாடுபவரின் குரலுக்கு நிழலானது.