கரிசற் சீமையில் விண்வழித் தொலைக்காட்சி

புதியம்புத்தூர், கோவில்பட்டி முதலிய கரிசற் சீமையில் மானாவாரிப் பயிரின் பலாபலன் விதைப்பு நாளைப் பொறுத்தது. ஒரு மழையை நம்பி விதைத்து, அடுத்த மழை பிந்துமாயின், முளை கருகி விதையும் கூலியும் நஷ்டமாகும். ஆதலால் மழைச் செய்தியும் பயிர்ச் செய்தியும் தமிழில், காலத்தில் வந்து சேரும் வழியைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

தரைவழி ஒளிபரப்பு

முன்பு கூரைமேல் ஏரியல் கட்டித் தூர்தர்ஷனைச் செலவின்றிப் பார்த்து வந்தார்கள். அப்பழைய தரைவழி நிலையங்களை, முக்கியமான சில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச் 31-க்குள் நிறுத்துவதாகப் பிரசார் பாரதி 2021-இல் அறிவித்தது. ஒரே அலைவரிசையில் பல சானல்களை அனுப்பவல்ல டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016-இல் 16 நகரங்களில் ஏற்பட்டபோது, தமிழ்நாட்டில் சென்னை ஒன்றே அவற்றுள் இடம்பெற்றது. ஆகவே இப்பகுதியார் ஏரியலை நம்பியிருத்தல் பயனற்றது.

விண்வழி ஒளிபரப்பு

தூர்தர்ஷனின் 'டி.டி. ஃப்ரீ டிஷ்' சேவை 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்னும் பெயரால் தொடங்கியது. இதற்கு மாதச் சந்தா இல்லை. டிஷ்ஷும் செட்-டாப் பாக்ஸும் ஒரு முறை வாங்கினால் போதும். 2024 ஜனவரிக்கு முன் பொதிகை எனப்பட்ட டி.டி. தமிழும், 2015 மே 26-இல் தொடங்கிய டி.டி. கிஸானும் இதில் வருகின்றன. பின்னது பெரும்பாலும் இந்தியில் அமைந்தது. ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றது. இங்கிருந்து அது தென்கிழக்கு வானில் நன்கு உயர்ந்திருப்பதால், அத்திசையில் மரக்கிளை மறைக்காத இடத்தில் டிஷ்ஷைப் பொருத்துதல் வேண்டும்.

கேபிள் இணைப்பு உள்ளவர்கள், அறிவிக்கப்பட்ட தூர்தர்ஷன் சானல்களைக் கேபிள்காரர் கட்டாயம் தரவேண்டுமென 1995-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு விதிப்பதைக் கவனத்திற் கொள்க.

இதன் குறைகள்

முதலாவது, மாநிலம் முழுமைக்கும் ஒரே தமிழ்ச் சானல். தஞ்சாவூர் நெல்லும் கரிசல் உளுந்தும் அதன் நேரத்தைப் பங்கிட்டுக் கொள்வதால், ஒரு ஜில்லாவுக்கே உரிய செய்திக்கு இடம் குறைவு. இரண்டாவது, கனமழையில் விண்ணலை வலுவிழந்து படம் நின்றுபோகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய நாளில் டிஷ்ஷையும் மின்சாரத்தையும் மட்டுமே நம்புதல் தகாது.

செய்யத்தக்கவை

1. பாட்டரி ரேடியோ ஒன்றை வீட்டில் வைத்து, திருநெல்வேலி, தூத்துக்குடி வானொலிகளைக் கேட்டுவரலாம்.

2. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் இந்திய வானிலைத் துறை வெளியிடும் வேளாண் வானிலை அறிக்கையில் தம் ஜில்லாவுக்குரிய பகுதியைப் பார்த்து, அதன்பின் விதைப்பைத் தீர்மானிக்கலாம்.

3. கிராம நிர்வாக அதிகாரிகள் அவ்வறிக்கையைக் கூட்டுறவுச் சங்கத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுவித்தால், டிஷ் இல்லாத குடிகளுக்கும் உபகாரமாகும்.