பட்டமளிப்பு லெய்

பட்டமளிப்பு லெய் என்பது ஹவாய்த் தீவுகளில் பள்ளி அல்லது கல்லூரிப் படிப்பை முடிப்பவருக்குக் குடும்பத்தினரும் நண்பர்களும் அணிவிக்கும் மாலை ஆகும். ஆளுக்கொன்றாகப் போடுவதால் சிலருக்கு முகமே மறையும் அளவுக்கு மாலைகள் சேர்ந்துவிடும்.

ஈழத்தலரி, ஆர்க்கிட் முதலிய பூக்களை ஊசியால் கோத்துச் செய்வது வழக்கம். பூ வாடிவிடும் என்பதால் ரிப்பன், கம்பளி நூல், மிட்டாய், பணத்தாள் ஆகியவற்றாலும் வீட்டிலேயே செய்கின்றனர். மிட்டாய் மாலை எளிது: செலோபேன் தாளில் மிட்டாய்களை வரிசையாக வைத்துச் சுருட்டி, இடையிடையே ரிப்பனால் கட்டினால் போதும், சிறுவர்களே செய்துவிடுவர். பணமாலைக்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு டாலர் தாளை விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் நூலால் கட்டி, இரு பக்கமும் விரித்தால் பூப்போல வரும். அவற்றை ஒரு நாடாவில் நெருக்கமாகக் கட்டிக்கொண்டே போகவேண்டும். தாளில் பசை தடவுவதோ துளையிடுவதோ கூடாது. மேற்படிப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் பிள்ளை பிரித்துச் செலவழிக்க வேண்டிய பணம் அது.

இந்தியாவில் இதை அப்படியே செய்ய நினைப்பவர்கள் கவனிக்கவும்: ரூபாய்த் தாள்களை மாலையாகக் கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டுள்ளது. மிட்டாயும் ரிப்பனும் இங்கே பொருத்தம்.

வாடிய பூ லெய்யைக் குப்பையில் எறிவதை ஹவாய் மக்கள் மரியாதைக் குறைவாகக் கருதுவர். நூலை உருவிவிட்டுப் பூக்களை மண்ணில் சேர்த்துவிடுவர்.