படம் பிடித்தவரும் பாரம் சுமந்தவர்களும்

இமயமலையின் படத்தைப் பார்த்திராத வீடு நம் தேசத்தில் அபூர்வம். காலண்டரிலோ, குழந்தைகளின் பூகோளப் புஸ்தகத்திலோ, பனி மூடிய சிகரம் ஒன்று நம்மை நோக்கிக்கொண்டுதான் இருக்கிறது. "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அவ்வளவு உயரத்துக்குக் காமிரா எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதில்லை. மலையிலும் காட்டிலும் அலைந்து படம் பிடிப்பதையே ஜீவனோபாயமாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் இன்று அநேகர். அத்தொழிலின் முன்னோடிகளில் ஒருவருடைய சரித்திரத்தை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ளலாம்.

ஸாமுவேல் போர்ன் என்பவர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்துப் பாங்கி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். படம் பிடிக்கும் மோகம் முற்றிப்போகவே, உத்தியோகத்தை உதறிவிட்டு, 1863-ஆம் வருஷத் தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். பிறகு சிம்லாவில் கூட்டு வியாபாரமாகப் போட்டோ நிலையம் நடத்தலானார். துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்திருந்தாலே அவருக்குப் போதிய வருமானம் கிடைத்திருக்கும். ஆனால் அவருடைய மனமோ வடக்கே தெரிந்த வெள்ளிமலைகளில் சென்று பதிந்துவிட்டது.

அக்காலத்தில் படம் பிடிப்பது எத்தகைய வேலை என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தைச் சீராகப் பரவவிட வேண்டும். பிறகு அதை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருவதற்குள் காமிராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். தகடு உலர்ந்துவிட்டால் அத்தனை பிரயாசையும் வீண். ஆகையால் படம் பிடிப்பவர் போகுமிடமெல்லாம் ஓர் இருட்டுக் கூடாரமும், மருந்துப் புட்டிகளும், பெட்டி பெட்டியாகக் கண்ணாடியும் கூடவே போயாக வேண்டும். போர்ன் உபயோகித்த தகடுகளோ 12 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ளவை.

இவ்வளவு சாமான்களுடன் அவர் மூன்று பெரிய யாத்திரைகள் செய்தார். 1863-இல் பத்து வாரம் சுற்றி 147 படத் தகடுகளுடன் திரும்பினார். 1864-இல் ஒன்பது மாதத்துக்கு மேல் காஷ்மீரத்திலும் சுற்றுப்புறங்களிலும் சஞ்சரித்தார். 1866-இல் ஸ்பிதிப் பிரதேசத்தைக் கடந்து, சுமார் 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாயில் நின்று படம் எடுத்தார். அதற்குமேல் உயரத்திலிருந்து ஒருவர் படம் எடுக்கச் சுமார் இருபது வருஷம் ஆயிற்று. அதே யாத்திரையில் கங்கை உற்பத்தியாகும் பனிக்குகையையும் அவர் காமிரா கண்டது. அவருடைய பொறுமையையும் துணிவையும் நாம் தாராளமாகப் புகழலாம்.

ஆனால் கண்ணாடிப் பெட்டிகள் தாமாக மலை ஏறவில்லை. முதல் யாத்திரையிலேயே அவற்றைச் சுமக்கச் சுமார் 30 கூலிகள் இருந்தார்கள். அந்நாளில் மலைநாட்டில் 'பேகார்' என்றொரு வழக்கம் உண்டு. சர்க்கார் அதிகாரியோ வெள்ளைக்காரப் பிரயாணியோ வந்துவிட்டால், கிராமத்தார் மூட்டை தூக்கியே தீரவேண்டும். வயலில் கதிர் முற்றி நின்றாலும் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கொடுக்கும் கூலியோ அற்பம். சில சமயம் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட நாட்டில்தான் போர்ன் ஆள் திரட்டினார். பாரத்தைப் போட்டுவிட்டு ஓடி ஒளிந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததை, இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிய பிரயாணக் கட்டுரைகளில் அவரே எழுதியிருக்கிறார். அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அக்காலத்து நியாயம் அப்படி இருந்தது!

அவர் எடுத்த படங்களின் மூலையில் போர்ன் என்ற பெயரும் ஓர் இலக்கமும் பொறித்திருக்கும். கல்கத்தாவில் அவர் பெயர் தாங்கிய 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' ஸ்டூடியோ 2016-ஆம் வருஷம் வரையில் நடந்து வந்தது. ஆனால் அந்தத் தகடுகளைச் சிதையாமல் மலைமேல் சேர்த்தவர்களின் பெயர் எந்தப் படத்தின் மூலையிலும் இல்லை.

எனினும், சுமந்தவர்கள் என்றைக்கும் வாய் மூடி இருந்துவிடவில்லை. 1921-ஆம் வருஷம் ஜனவரி மாதம், குமாவோனில் உள்ள பாகேசுவரத்தில் உத்தராயணத் திருவிழாவுக்குக் கூடிய ஜனங்கள், பேகாருக்கு ஆள் கணக்கு எழுதிய பதிவேடுகளைச் சரயு நதியில் வீசி எறிந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், சிம்லா மலைகளில் கோட்கட்டில் குடியேறி நம்மவராகிவிட்ட அமெரிக்கர் ஸாமுவேல் ஸ்டோக்ஸ், அந்தப் பக்கத்துப் பேகாரை எதிர்த்துப் போராடினார்.

1953-ஆம் வருஷம் மே 29-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் எடுத்த படத்தை நேயர்கள் பார்த்திருக்கலாம். கொடி கட்டிய பனிக்கோடரியை உயர்த்தி நிற்பவர் டென்ஸிங். படம் எடுத்தவர் ஹில்லாரி. டென்ஸிங் 1935-இல் எவரெஸ்ட் கோஷ்டி ஒன்றில் சுமை தூக்கச் சேர்ந்தவர். ஹில்லாரிக்கோ உச்சியில் எடுத்த படமே கிடையாது! காமிராவுக்குப் பின்னால் மூட்டையோடு நின்ற இனத்தார் அதன் முன்னால் வந்து நிமிர்ந்து நிற்க, போர்ன் காலத்திலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் ஆயிற்று.

இன்று காமிரா கைக்குள் அடங்கிவிட்டது. கண்ணாடித் தகடும் இருட்டுக் கூடாரமும் போய்விட்டன. ஆனால் உயர்ந்த மலைகளில் கூடாரத்தையும் உணவையும் கயிற்றையும் சுமப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் அந்தந்த மலைநாட்டாரே. ஆதலால் இத்தொழிலை விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அத்துடன், சுமப்பவருக்குத் தக்க கூலியும் குளிருக்குத் தக்க உடையும் கொடுங்கள். படத்தின் அடியில் உங்கள் பெயரைப் போடும்போது அவர் பெயரையும் கேட்டறிந்து போடுங்கள். அதற்கு ஒரு வரி இடம் போதும்.